சுண்ணம், உப்டன், பீல்: முகத்தோல் தேய்த்த வரலாறு

தில்லியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் இன்று மூன்று காரியங்கள் தவறாமல் நடக்கின்றன. ஊரிலிருந்து யாராவது நலங்கு மாவு கொண்டுவந்து தருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் "ஹல்தி என்றைக்கு?" என்று கேட்கிறார், பெண்ணின் தோழிகளுக்காக அதையும் ஒரு நாள் வைத்துக்கொள்கிறோம். மூன்றாவதாக, பெண்ணும், இப்போதெல்லாம் மாப்பிள்ளையும்கூட, அழகு நிலையத்துக்கோ தோல் மருத்துவரிடமோ போய் 'பீல்' என்று ஒன்று செய்துகொள்கிறார்கள். பீல் என்றால் உரித்தல். முகத்தின் மேல்தோலில் உயிரற்றுக் கிடக்கும் படலத்தை அமிலம் தடவி உரிய வைப்பது.

பெரியவர்கள் முதலிரண்டையும் மரபு என்கிறார்கள், மூன்றாவதை நாகரிகக் கூத்து என்கிறார்கள். இளையவர்கள் மூன்றாவதை விஞ்ஞானம் என்றும் மற்ற இரண்டையும் போட்டோவுக்கான சடங்கு என்றும் நினைக்கிறார்கள். மூன்றும் ஒரே தொழிலின் மூன்று கிளைகள் என்பதையும், அந்தத் தொழிலோடு வேறொரு தொழில் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் அல்லன், மருத்துவனும் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, தில்லி காரி பாவ்லியில் நாட்டுமருந்துச் சரக்கு வியாபாரத்தில் வயதாகிப் போனவன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்ததையும், கைபட்டுத் தெரிந்ததையும் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

1. தோல் தானே செய்யும் வேலை

வரலாற்றுக்குப் போகுமுன் ஒரு சிறு விளக்கம் தேவை. நம் மேல்தோலின் அடியடுக்கில் புதிய அணுக்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவை மெல்ல மெல்ல மேலேறி, தட்டையாகி, உயிரிழந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத செதில்களாக உதிர்கின்றன. இளம் வயதில் இந்தப் பயணத்துக்குச் சுமார் 4 வாரம் ஆகும். வயது ஏற ஏற நாள் கூடும். நம் வீட்டில் சேரும் தூசியிலும் இந்தச் செதில்கள் உண்டு.

மேலே கிடக்கும் உயிரற்ற படலம் வீண் பொருள் இல்லை. உடம்பின் ஈரம் வெளியே போகாமலும் வெளிக்கிருமி உள்ளே வராமலும் காக்கும் கூரை அது. அதன் மேல் ஓடுகள் சரியாக உதிராமல் தங்கிவிட்டால் முகம் மங்கித் தெரிகிறது. எண்ணெய் அடைத்துக்கொண்டு பரு வருகிறது. தில்லிக் குளிரில் ஜனவரி மாதம் கன்னம் சொரசொரப்பாவது இதனால்தான். மேல் ஓட்டை எடுத்தால் முகம் தெளியும். கூரையையே பிரித்தால் வீடு நனையும். தேய்க்கும் தொழில் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பது.

2. தமிழ் நூல்களில் சுண்ணம்

வாசனைப் பொருள்களை இடித்துச் செய்த பொடிக்குப் பழந்தமிழில் சுண்ணம் என்று பெயர். இன்று சுண்ணாம்பு என்றால் சுவருக்கு அடிப்பது. அன்று சுண்ணம் என்றால் மேனியில் பூசுவது, திமிர்வது, நீராட்டுக்குக் கொண்டுபோவது. மதுரைக்காஞ்சி மதுரைக் கடைத்தெருவை வருணிக்கும்போது பூ விற்பவர்களோடு சுண்ணம் விற்பவர்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே நம்முடைய அழகுப்பொருள் கடைக்குச் சங்க காலத்திலேயே முன்னோர் இருந்திருக்கிறார்கள். ஒரு வியாபாரிக்கு இதைப் படிக்கும்போது ஏற்படும் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார். மகளிர் கூடி உரலில் பொற்சுண்ணம் இடிக்கும்போது பாடும் பாட்டாக அது அமைந்திருக்கிறது. வீட்டில் பெண்கள் கூட்டாக இடித்த பொருள் என்பது இதனால் விளங்கும்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் இடம் இன்னும் நுட்பமானது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில் அவள் கூந்தலைக் கழுவுகிறாள். பட்டியலைத் தந்தவர் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். பூவந்தி, திரிபலையின் மூன்று காய்கள், கருங்காலி, நாவல், பால்மரங்கள் நான்கு ஆகியவை துவர் பத்து. கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியவை விரை ஐந்து. இது முகத்துக்குச் சொன்னதன்று, கூந்தலுக்குச் சொன்னது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் பூவந்திக்கொட்டை நுரைத்து அழுக்கெடுக்கும், துவர்ப்புள்ளவை தோலை இறுக்கும் என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. கோட்டம் தமிழ்நாட்டில் விளைவதே இல்லை. காஷ்மீரத்து இமயச் சரிவுகளில் விளையும் வேர் அது. ஆக, பூம்புகாரில் கதை நடந்தாலும் சரக்கு வடமலையிலிருந்து போயிருக்கிறது. வடக்கே வந்து வியாபாரம் செய்யும் தமிழன் என்ற முறையில் இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சுண்ணத்துக்காகவே ஒரு சண்டை நடந்த கதை எங்கள் திருத்தக்கதேவர் எழுதிய சீவக சிந்தாமணியில் வருகிறது. வசந்த விழாவில் நீர்விளையாடப் போன இடத்தில் குணமாலை, சுரமஞ்சரி என்ற இரண்டு பெண்களுக்குள் யாருடைய சுண்ணம் உயர்ந்தது என்று வாதம் வந்துவிட்டது. இருவரும் வணிகர் வீட்டுப் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்! தோற்றவர் நீராடாமல் திரும்ப வேண்டும் என்று பந்தயம். வழக்குச் சீவகனிடம் போயிற்று. அவன் இரண்டு பொடியையும் காற்றில் தூவினான். குணமாலையின் சுண்ணத்தை வண்டுகள் மொய்த்துக் கொண்டுபோயின; சுரமஞ்சரியின் சுண்ணம் கீழே விழுந்தது. சுரமஞ்சரி நீராடாமலே திரும்பிப் போய், ஆடவர் முகத்தைப் பார்ப்பதில்லை என்று கன்னிமாடத்தில் அடைந்துகொண்டாள். பிற்பாடு சீவகனே கிழவன் வேடம் போட்டுப் போய் அவளை மணந்தது தனிக்கதை. சரக்கின் தரத்தை விற்பவர் சொல்லாமல் மூன்றாம் ஆள் பரிசோதித்துச் சொல்ல வேண்டும் என்ற நியாயம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. இந்த நூலை உ.வே.சாமிநாதையர் 1887-இல் அச்சிட்டபோது பொருள் விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார் என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். எங்கள் திகம்பர முனிவர்களுக்கு உரிய 28 மூலகுணங்களில் நீராடாமையும் ஒன்று. மேனியில் சேரும் அழுக்கைப் பொறுத்துக்கொள்வது 22 பரீஷகங்களில் ஒன்று. உடம்பின் தூய்மையின்மையை இடைவிடாது நினைக்கச் சொல்லும் சமயத்தில் பிறந்த கவிஞர் சுண்ணத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கலாமா? கொடுத்தார். முனிவர்க்கு ஒரு நெறி, இல்லறத்தார்க்கு ஒரு நெறி என்பது எங்கள் மரபு. இல்லறத்தான் குளிக்கலாம், பூசலாம், மகிழலாம். ஆனால் தோலைத் தான் என்று நினைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் கட்டுப்பாடு.

3. உத்வர்த்தனமும் உப்டனும்

வடமொழி மருத்துவ நூல்களில் உடம்பைப் பொடியால் தேய்ப்பதற்கு உத்வர்த்தனம் என்று பெயர். இந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து இந்தியில் 'உப்டன்' ஆயிற்று. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் இதைத் தினசரி ஒழுக்கத்தில் சேர்த்து, கபத்தைக் குறைக்கும், கொழுப்பைக் கரைக்கும், உறுப்புகளை உறுதியாக்கும், தோலைத் தெளிவாக்கும் என்று பலன் கூறுகிறது. சுச்ருதர் இன்னும் நுணுக்கமாக உத்வர்த்தனம், உத்கர்ஷணம், உத்சாதனம் என்று தேய்ப்பதிலேயே வகை பிரிக்கிறார். செங்கல் தூளால் தேய்ப்பதையும் சொல்கிறார். வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில் நகரவாசியின் ஒழுங்கு வருகிறது. தினமும் குளியல், ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு தேய்த்தல், மூன்று நாளுக்கு ஒருமுறை நுரைப்பொருள். தினமும் தேய்க்கச் சொல்லவில்லை பாருங்கள்! இன்றைய தோல் மருத்துவர்களும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள்.

இந்த ஆசை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுவடியில் சலவைக்கல் போன்ற வெண்கல்லின் தூள், நேட்ரான் என்னும் கார உப்பு, கடல் உப்பு, தேன் சேர்த்து மேனியில் தேய்க்கும் செய்முறை இருக்கிறது. உப்பும் தேனும் கலந்த 'ஸ்கிரப்' என்று இன்று கண்ணாடிச் சீசாவில் விற்கிறார்களே, அதற்கு 3,500 வயது.

முகலாயர் காலத்துக்கு வருவோம். அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் அரண்மனையின் வாசனைப் பொருள் துறையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அங்கே தயாரான கலவைகளில் உப்டனும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பிறகு ஷாஜகான் தலைநகரைத் தில்லிக்கு மாற்றி 1648-இல் செங்கோட்டையில் குடியேறினார். கோட்டைக்குள் திவானி காஸ் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஹமாம் என்ற குளியல் மாளிகை இன்றும் நிற்கிறது. ஹமாம் முறையில் முதலில் வெந்நீராலும் ஆவியாலும் தோலை ஊறவைப்பார்கள். பிறகு 'கீசா' என்ற சொரசொரப்பான துணியுறையைக் கையில் மாட்டித் தேய்ப்பார்கள். ஊறிய செதில்கள் உருண்டு உருண்டு வந்துவிடும். நம் கிராமத்தில் எண்ணெய் தேய்த்து ஊறி, அரப்போ சீயக்காயோ போட்டு, பீர்க்கங்கூட்டால் முதுகு தேய்ப்பதும் இதே தத்துவம்தான். ராஜாவுக்குப் பளிங்குத் தரை, நமக்குக் கிணற்றடி.

4. காரி பாவ்லி மூட்டைகளில்

பத்தேபூரி மசூதிக்குப் பக்கத்தில் தொடங்கும் எங்கள் காரி பாவ்லிக்கு உவர்நீர்ப் படிக்கிணறு என்று பொருள். கிணறு இன்று கண்ணில் படாது. பெயர் மட்டும் மிச்சம். நலங்கு மாவின் சாமான்களில் பெரும்பாலானவை இந்தத் தெருவிலேயே கிடைக்கும். பெயர் மாறியிருப்பதால் நம் பெண்கள் தெரியாமல் ஊருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். வெட்டிவேர் இங்கே கஸ். கோரைக்கிழங்கு நாகர்மோதா. பூலாங்கிழங்கு கபூர் கச்ரி. கார்போக அரிசி பாவ்சி. பூந்திக்கொட்டை ரீட்டா. பச்சைப்பயறு மூங் என்பது எல்லோருக்கும் தெரியும். வடக்கத்தியார் கடலை மாவு, மசூர் பருப்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், சாரைப்பருப்பு, பாலாடை, கடுகெண்ணெய் என்று சேர்ப்பார்கள். நம்மவர் பயற்றை முதலாக வைத்துக் கிழங்குகளையும் ஆவாரம்பூவையும் சேர்ப்பார்கள். மாவு எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொள்ளும், அதன் குறுணை செதிலைத் தள்ளும், கிழங்கு வாசம் கொடுக்கும். இரண்டு மாவும் அக்காள் தங்கை.

முல்தானி மட்டியும் அப்படித்தான். பெயர் பாகிஸ்தானில் உள்ள முல்தான் நகரத்தது. 1947-க்குப் பின் எல்லை மூடிக்கொண்டாலும் பெயர் மூடவில்லை. இன்று நம் சந்தைக்கு வருவது பெரும்பாலும் ராஜஸ்தான் மண். இங்கிலாந்தில் இதே வகை மண்ணைக் கம்பளித் துணியின் கொழுப்பெடுக்கப் பயன்படுத்தினார்கள். எண்ணெய் முகத்துக்கு நல்லது. வறண்ட முகத்துக்குத் தில்லிக் குளிரில் பூசினால் வயல் வெடித்த மாதிரி ஆகிவிடும்.

வியாபாரியாக மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலாவது, கஸ்தூரி மஞ்சள். உண்மைச் சரக்கு வெளிறிய நிறத்தில் கற்பூர வாசம் கலந்து இருக்கும். முகத்தில் மஞ்சள் கறை பிடிக்காது. சந்தையில் அந்தப் பெயரில் புழங்குவதில் பெரும்பகுதி கிச்சிலி இனத்தைச் சேர்ந்த வேறு கிழங்கு. (சமண அன்பர்கள் கவலைப்பட வேண்டாம், அதில் மான் கஸ்தூரி இல்லை, வாசனைக்காக வந்த பெயர்தான்.) இரண்டாவது, கார்போக அரிசி. வெண்படை நோய்க்கு மருந்தாகப் பயன்படும் இதில் சூரிய ஒளி பட்டால் தோலைச் சுட வைக்கும் சத்து இருக்கிறது. வாசனைக்காக என்று பிடி பிடியாகப் போட்டுப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலில் நிற்கக் கூடாது. மூன்றாவது, சலிப்பு. சித்த மருத்துவர்கள் துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்பார்கள். முதுகுக்குக் குறுணை இருக்கலாம். முகத்துக்கு வஸ்திரகாயம் செய்த மாவுதான் போட வேண்டும்.

5. புளிப்பிலிருந்து அமிலத்துக்கு

மாவில் தயிர் விட்டுக் குழைப்பார்கள், எலுமிச்சை பிழிவார்கள், புளித்தண்ணீரில் பாத்திரத்தோடு கையும் வெளுப்பதைப் பார்ப்பார்கள். நம் பாட்டிமார் அறிந்தது இவ்வளவு. தயிரில் உள்ளது லாக்டிக் அமிலம். அதை 1780-இல் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்தவர் ஸ்வீடனின் ஷீலே. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், கரும்பில் கிளைகாலிக் அமிலம். இவை செதில்களை ஒட்டி வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகின்றன. மாவு தள்ளி எடுப்பதை அமிலம் கரைத்து எடுக்கிறது.

இதை அளந்து செய்யும் மருத்துவமாக்கியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா. 1882-இல் அவர் சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால், பீனால், டிரைகுளோரோ அசிடிக் அமிலம் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று எழுதி வைத்தார். இந்தப் பெயர்கள் 140 வருஷத்துக்குப் பின்னும் தோல் மருத்துவரின் அலமாரியில் இருக்கின்றன. 1905-இல் ஜெர்மானியரான கிரோமையர் சுழலும் கருவியால் தோலைத் தேய்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1974-இல் அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்ற இருவர், பிறவியிலேயே மீன்செதில் போலத் தோல் தடிக்கும் நோய்க்குப் பழ அமிலங்கள் உதவுவதைக் கண்டார்கள். நோயாளிகளுக்காகக் கண்டது பிறகு அழகுக்கு வந்தது. கிளைகாலிக் பீல் இன்று கல்யாணப் பெண்ணுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான். 1980-களின் நடுவில் இத்தாலியில் நுண்ணிய படிகத்தூளை முகத்தில் பாய்ச்சி உறிஞ்சும் கருவியும் வந்துவிட்டது. கையில் மாவு இருந்த இடத்தில் குழாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இதில் நமக்கென்று தனிக் கவலை ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் தோலில் அமிலம் சற்று ஆழமாகப் போனால் சிவந்து ஆறிவிடும். நம் தோலில் நிறமணுக்கள் சுறுசுறுப்பானவை. புண்பட்ட இடத்தை அவை கருமையால் மூடிவிடும். அந்தக் கருமை மாதக்கணக்கில் நிற்கும். என் உறவினர் வீட்டுப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு அழகு நிலையத்தில் பீல் செய்துகொண்டாள். கேள்வி கேட்காமல் அமிலத்தைத் தடவியிருக்கிறார்கள். பருவுக்கு அவள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கேட்கவும் இல்லை. இரண்டாம் நாள் மெஹந்திக்காகப் பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்தாள். தாலி கட்டும்போது இரு கன்னத்திலும் உள்ளங்கை அளவு கறுப்பு. அதை மறைக்கப் பூசிய பூச்சு வியர்வையில் கரைய, அந்தப் பெண் தலை நிமிராமல் இருந்ததை வெட்கம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவள் அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்துக்காக பீல் பற்றிய வழிகாட்டு நெறிகள் 2008-இல் வெளியாயின. எழுதியவர் நம் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் நீதி குங்கர். பயிற்சி பெற்ற தோல் மருத்துவர் செய்ய வேண்டும், முன்கூட்டித் தோலைப் பக்குவப்படுத்த வேண்டும், பின்பு வெயில் படாமல் காக்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம். அமெரிக்க நிபுணர் குழுவொன்று பழ அமிலங்களுக்கு வீட்டு உபயோகப் பொருளில் 10 சதவீதம், தேர்ந்த அழகுக் கலைஞர் கையில் 30 சதவீதம் என்று எல்லை வகுத்திருக்கிறது. அதற்கு மேற்பட்டது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய பொருள்.

6. வெளுப்பு வியாபாரம் வந்து ஒட்டிய கதை

இதுவரை சொன்னதில் எங்காவது 'வெள்ளையாக்கும்' என்று வந்ததா? தெளிவு வந்தது, மென்மை வந்தது, வாசம் வந்தது. நிறத்தைப் பொலியச் செய்யும் மருந்துகள் பத்து என்று சரகர் ஒரு பட்டியல் தருவது உண்மைதான். ஆனால் அதே சரக சம்ஹிதை, கறுப்பு, மாநிறம், மாநிறம் கலந்த வெளுப்பு, வெளுப்பு எல்லாமே உடம்பின் இயற்கை நிறங்கள் என்றும், வெள்ளை வெளேரென்று மாறுவது கெட்ட அறிகுறி என்றும் சொல்கிறது. அவரவர் நிறம் பொலிவதே அவர் கருத்து என்று எனக்குப் படுகிறது.

தமிழ் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகுக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் பொருள் சொல்வார்கள். தலைவன் பிரிந்தால் அந்த மாமை போய் மேனி வெளிறுவதற்குப் பசலை என்று பெயர். அதை நோயாகவே பாடினார்கள். திருக்குறளில் 119-ஆம் அதிகாரம் முழுவதும் இந்தப் பசப்பைப் பற்றித்தான். மேனி வெளிறியதற்கு அழுத இலக்கியம் நம்முடையது. அந்த மாமையின் உறவுச் சொல்தான் மாநிறம். இன்று மணமகள் தேவை விளம்பரத்தில் அந்தச் சொல்லை ஏதோ குறையை ஒப்புக்கொள்வதுபோல் போடுகிறோம்.

இடையில் என்ன நடந்தது? சாதி, ஆட்சி, சினிமா என்று காரணம் பல. கடைக்காரன் பங்கை மட்டும் சொல்கிறேன். 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' சந்தைக்கு வந்தது. 2005-இல் ஆண்களுக்கும் தனியாக ஒன்று வந்தது. அதற்கு முன் தேய்ப்பது, கழுவுவது என்று இருந்த முக வியாபாரத்தில் நிற வாக்குறுதி நடுவே வந்து உட்கார்ந்தது. அதன்பின் ஸ்கிரப் விற்றாலும் 'வொய்ட்னிங்', பேஷியல் செய்தாலும் 'வொய்ட்னிங்', பீல் செய்தாலும் 'வொய்ட்னிங்'. நலங்கு மாவுப் பொட்டலத்திலும் 'சிவப்பழகு' என்று அச்சடிக்கிறார்கள். 2020-இல் உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபோது அந்த முதல் களிம்பு தன் பெயரைக் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது நல்லதே; வாங்குகிறவர் மனது மாற நாளாகும்.

உரித்தலால் நிறம் மாறாது. பழைய ஓடு போனபின் அடியில் வரும் ஓடு நம் நிறத்தில்தான் வரும். ஆகவே நிறத்தையே மாற்றுகிறேன் என்று கிளம்பியவர்கள் வேறு பொருளைத் தேடினார்கள். பாதரசம் ஒன்று, ஸ்டீராய்டு மற்றொன்று. பாதரசம் நிறம் உண்டாவதைத் தடுக்கும். கூடவே தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்துக் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நோயின் வகை ஒன்றாக இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் 2018-இல் சேர்ந்திருக்கிறது. ஸ்டீராய்டு களிம்பு முதல் மாதம் முகத்தைப் பளிங்காக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தினால் எரியும். 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதித்தது. விதி இருக்கிறது, சீட்டு கேட்காத கடையும் இருக்கிறது.

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. ஸ்கிரப்புகளில் கலந்த பிளாஸ்டிக் நுண்மணிகள் ஆற்றையும் கடலையும் கெடுப்பதால் அமெரிக்கா 2015-இல் அவற்றைத் தடை செய்யச் சட்டம் இயற்றியது. பிராணிகளின் மேல் அழகுப்பொருளைச் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது. அகிம்சையைத் தலைமேல் கொண்ட எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. சுண்ணமும் உப்டனும் ஹமாமும் பீலும், தோல் தானே உதிர்க்கப்போவதைச் சற்று முன்னதாக எடுத்துவிடும் ஒரே வேலையைச் செய்கின்றன. அளவோடு செய்தால் நான்கும் நல்லவையே. ஆகவே பீல் செய்துகொள்ளும் பிள்ளைகளைப் பெரியவர்கள் ஏச வேண்டாம். நிறத்தை மாற்றுகிறேன் என்பது தனித் தொழில். இந்தத் துறையில் நான் கண்ட பெருங்கேடுகள் அந்த வாசல் வழியாகவே வந்தன.

கல்யாணம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பீல் வேண்டுமானால் இரண்டு மூன்று மாதம் முன்பே தோல் மருத்துவரைப் பார்த்து, சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கடைசி இரண்டு வாரத்தில் புதிய எதையும் முகத்தில் பரீட்சை பார்க்காதீர்கள். பாட்டி அனுப்பிய மாவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, எரிச்சல் இருந்தால் பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார். லேபிளில் மூலப்பொருள் பெயரும் தயாரித்தவர் விலாசமும் இல்லாத களிம்பை வீட்டுக்குள் விடாதீர்கள்.

வரன் பார்க்கும் தாய் தகப்பன்மாருக்கும் ஒன்று. இந்தத் தலைநகரத்தில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே நிறத்தைப் பற்றிப் போதுமான அளவு கேட்டுவிட்டு வருகிறார்கள். வீட்டிலும் "பெண் நல்ல பெண்தான், கொஞ்சம் நிறம் கம்மி" என்ற பேச்சு வேண்டாம். ஜாதகத்தோடு அனுப்பும் குறிப்பில் நிறம் என்ற வரியையே எடுத்துவிடலாம். கேட்டே தீருவேன் என்கிற சம்பந்தியிடம் மாநிறம் என்று நிமிர்ந்து சொல்லலாம்.